பிக்கப்பைக் கொடுத்துவிட்டுக் கேம்பர் வேன் வாங்கலாமா?

தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். மண், தொழு உரம், நாற்றுத் தட்டுகள், நடைபாதைக் கற்கள், வேலிக்கான மரச் சட்டங்கள், ஏணி என்று என் பிழைப்பு முழுவதும் ஒரு பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏறி இறங்கியிருக்கிறது. வேலை இல்லாத நாட்களில் அதே தொட்டியைக் கழுவி, மேலே ஒரு மூடியைப் பொருத்தி, மெத்தையை விரித்துக்கொண்டு நானும் என் கணவரும் நெடுந்தொலைவு போய் வந்திருக்கிறோம். இப்போது அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு, உள்ளேயே படுக்கையும் சமையல் வசதியும் உள்ள கேம்பர் வேன் ஒன்றை வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் நடக்கிறது. இணையத்தில் தேடினால் இரண்டு தரப்பிலும் ஆர்வலர்கள் கிடைக்கிறார்கள். ஒரு தரப்பு பிக்கப் இல்லாத வாழ்க்கையே வாழ்க்கை இல்லை என்கிறது. மற்றொரு தரப்பு வேனில் தூங்கி எழுந்த பிறகுதான் உலகமே தெரிந்தது என்கிறது. இரண்டையும் படித்துவிட்டு, அளவுநாடாவையும் எடைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி யோசித்துச் சேர்ந்த இடத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிக்கப்புக்குச் சேர வேண்டிய மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். 1925ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு தொட்டியைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதுவரை விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் காரின் பின்பகுதியை எடுத்துவிட்டு மரப்பெட்டியைத் தாங்களே பொருத்திக்கொண்டிருந்தார்கள். அந்த அடிப்படை ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக மாறவில்லை. ஆட்கள் உட்காரும் இடம் ஒன்று, சரக்கு கிடக்கும் இடம் ஒன்று, நடுவில் ஒரு சுவர். நனைந்த உரத்தின் வாடை முன்னால் வராது. வண்டியைவிட உயரமான மரக்கன்றை நிமிர்த்தி வைத்துக் கட்டலாம். மண்வாரி எந்திரம் மேலிருந்து நேராகக் கொட்டலாம். வேலை முடிந்ததும் குழாயைத் திறந்து கழுவிவிட்டால் போதும். மூடிய எந்த வண்டியிலும் இந்த வசதி கிடையாது. கேம்பர் வேன் வாங்குவது பற்றிப் பேசும்போது பலர் இந்த இழப்பை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். என்னால் அப்படித் தாண்டிப் போக முடியவில்லை.

ஆனால் பிக்கப்பில் தூங்குவது வேறு கதை. நான்கு கதவுகள் உள்ள நடுத்தரப் பிக்கப்பின் தொட்டி நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர்தான். என் கணவரின் உயரம் 1.83 மீட்டர். பின்கதவை மூடினால் அவரால் நேராகப் படுக்க முடியாது. திறந்து வைத்தால் மழையும் கொசுவும் உள்ளே வரும்; அதற்கென்று தனியாகத் துணி தைத்து மாட்ட வேண்டும். இரண்டு கதவு வண்டிகளில் தொட்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும், நிம்மதியாகக் கால் நீட்டலாம். ஆனால் அவற்றில் இருக்கைக்குப் பின்னால் ஒரு பை வைக்கக்கூட இடம் இருப்பதில்லை. மூடியோடு சேர்த்துத் தொட்டியின் உள்ளுயரம் ஒரு மீட்டரைச் சுற்றி வரும். அடியில் இழுப்பறைகளும் அதன் மேல் மெத்தையும் வைத்தால் நிமிர்ந்து உட்கார இடம் இருக்காது. உள்ளே போவது தவழ்ந்து, வெளியே வருவதும் தவழ்ந்து. முப்பது வயதில் இது சிரமமாகவே தெரியவில்லை. முழங்கால் வலி வந்த பிறகு ஒவ்வொரு இரவும் தெரிகிறது.

இருந்தாலும் முழங்கால் வலி மட்டுமே வண்டியை மாற்றுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. என் கணவர் ஒருநாள் சொன்ன வாக்கியம்தான் என் யோசனையைத் திருப்பியது. "எனக்கு ஓட்டுவதில் குறை இல்லை, தூங்குவதிலும் பெரிய குறை இல்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான் எங்கே இருப்பது என்று தெரியவில்லை" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எங்கள் பயணங்களை மணி வாரியாக நினைத்துப் பார்த்தேன். பகலில் பிக்கப்பும் வேனும் ஒன்றுதான். இரண்டும் ஓடுகின்றன, நாம் இறங்கி நடக்கிறோம், பார்க்கிறோம். நள்ளிரவிலும் ஒன்றுதான். கண்ணை மூடிவிட்டால் தலைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் கூரை இருக்கிறது என்பது தெரியாது. இருட்டத் தொடங்கிய நேரத்துக்கும் தூக்கம் வரும் நேரத்துக்கும் இடையில் இருப்பதுதான் இரண்டு வண்டிகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். வானம் தெளிவாக இருந்தால் அந்த நேரத்தில் பிக்கப்பை வெல்ல எதனாலும் முடியாது. பின்கதவை இறக்கி அதன் மேல் உட்கார்ந்து சமைக்கலாம், சாப்பிடலாம், பேசலாம். மழை பிடித்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகிவிடும். முன் இருக்கைகளில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் முடங்கிக் கிடக்க வேண்டும், அல்லது தொட்டிக்குள் தவழ்ந்து போய்ப் படுத்தபடியே காத்திருக்க வேண்டும். சமைக்க முடியாது. ஈர உடையை மாற்ற நிற்க இடம் இருக்காது. ஒருவர் உட்கார்ந்து படிக்க, மற்றவர் எழுந்து தண்ணீர் எடுக்க என்ற சாதாரண விஷயம்கூட நடக்காது. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் இடங்களில் இப்படிக் காத்திருப்பது ஒவ்வொரு நாளும் ஐந்து ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. நாங்கள் வருடத்தின் வறண்ட மாதங்களில் மட்டுமே ஊர் சுற்றுகிறோம் என்பதற்குக் காரணம் இதுதான் என்று அப்போது புரிந்தது. தோட்ட வேலைக்கும் அதே மாதங்கள்தான் உச்சம். எனக்கு ஓய்வு கிடைக்கும் மாதங்களில் வண்டி ஒத்துழைப்பதில்லை. வண்டி ஒத்துழைக்கும் மாதங்களில் எனக்கு ஓய்வு இல்லை.

ஆகவே கோடையில், தெளிந்த வானத்தின் கீழ், வார இறுதிகளில் மட்டும் போய் வருபவர் என்றால் பிக்கப்பும் ஒரு நல்ல மூடியும் தாராளமாகப் போதும். வேன் வாங்குவதால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது மிகக் குறைவு. இருட்டு நீளும் மாதங்களில் போக விரும்புபவருக்குத்தான் வேன் தேவைப்படுகிறது.

வண்டியை மாற்றாமலே இந்தக் குறையைத் தீர்க்க வழி உண்டா என்றும் பார்த்தேன். கூரைக் கூடாரம் ஒன்று இருக்கிறது. ஏணியில் ஏறி மேலே படுப்பது. காற்றோட்டம் அருமை, ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக்கு அதுவும் விடை ஆகாது. மேலே படுக்கத்தான் இடம். தொட்டியின் மீது அப்படியே இறக்கி வைக்கும் கேம்பர் அறை இன்னொரு வழி. உள்ளே நிற்கலாம், சமைக்கலாம், வேண்டாத நாளில் கால்களில் நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாம். கேட்க இனிமையாக இருக்கிறது. எடையைப் பார்த்தால் இனிமை குறைந்துவிடும். நடுத்தரப் பிக்கப் ஏற்றக்கூடிய எடை பெரும்பாலும் ஒரு டன்னைச் சுற்றித்தான் இருக்கும். அந்த ஒரு டன்னுக்குள் அறையின் எடை, இரண்டு பேர், தண்ணீர், சாமான், கூடுதலாகப் பொருத்திய ஒவ்வொரு இரும்புத் துண்டும் அடங்க வேண்டும். அறையின் எடை பின் அச்சுக்கு மேலேயும் உயரத்திலும் போய் உட்காருவதால் வளைவுகளில் வண்டி சாயும். அப்படிப் பாரம் ஏற்றிய நான்கு கதவுப் பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் கேபினுக்கும் நடுவே அடிச்சட்டம் வளைந்துபோன படங்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய கனரகப் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. எங்களுடையது அந்த ரகம் இல்லை.

எடை பற்றிப் பேச்சு வந்துவிட்டது, இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். விற்பனைப் படங்களில் மர அலமாரி தெரியும், விளக்கு தெரியும், ஜன்னலுக்கு வெளியே கடல் தெரியும். எடை தெரியாது. பெரிய வேன்களில் பலவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. ஐரோப்பாவில் சாதாரண கார் ஓட்டுநர் உரிமம் நெடுங்காலமாக அந்த அளவோடு நின்றிருந்ததும் இதற்கு ஒரு காரணம். வெறும் வேன் 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,400 கிலோ. தரை, சுவர், கட்டில், அலமாரி, பேட்டரி, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து 600 கிலோவை எளிதாகத் தின்றுவிடும். இரண்டு பேருக்கு 150. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் 80 லிட்டர் தொட்டி 80 கிலோ. மிஞ்சுவது ஏறத்தாழ 570. உடை, பாத்திரம், உணவு, மிதிவண்டி, கருவிகள் என்று போட்டால் அதுவும் கரையும். சிறிய வேனாக இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். பிக்கப்பில் பயணம் முடிந்ததும் தொட்டி காலியாகிவிடும். திங்கட்கிழமை முழு ஒரு டன்னும் வேலைக்குக் கிடைக்கும். கேம்பர் வேன் ஒருநாளும் காலியாக இருப்பதில்லை. கட்டிலையும் அலமாரியையும் சுமந்துகொண்டே அது கடைக்குப் போகும், வேலைக்குப் போகும், பணிமனைக்குப் போகும். அந்த 600 கிலோவுக்கு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எரிபொருளும் டயரும் பிரேக்கும் செலவாகும்.

அடுத்தது உள்ளளவு. வேன் என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் அளவுநாடாவோடு ஒருமுறை உள்ளே ஏறிப் பார்க்க வேண்டும். ஃபியட் டுகாட்டோ, அதன் உடன்பிறப்புகளான பூஜோ பாக்ஸர், சிட்ரோயன் ஜம்பர் ஆகியவற்றின் உள் அகலம் ஏறத்தாழ 1.87 மீட்டர். பக்கச் சுவர்களும் ஓரளவு செங்குத்தாக எழும்புவதால் கட்டிலைக் குறுக்காகப் போட முடிகிறது. மெர்சிடிஸ் ஸ்பிரிண்டரிலும் ஃபோர்டு டிரான்ஸிட்டிலும் அகலம் 1.78 மீட்டர் அளவில்தான். டுகாட்டோவிலும் இரு பக்கமும் வெப்பக்காப்பும் பலகையும் ஒட்டிய பிறகு 1.8 மீட்டர் மிஞ்சினால் அதிகம். 1.83 மீட்டர் உயரமுள்ள மனிதர் குறுக்காகப் படுத்தால் தலையோ பாதமோ சுவரில் முட்டும். வெளிப்புறத்தை வெட்டிப் புடைத்த பக்கத் தகடு பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். துருப்பிடிக்கவும் நீர் கசியவும் புதிதாக ஓர் இடத்தை நாமே உண்டாக்கிக்கொள்வதில் எனக்கு விருப்பம் இல்லை. அதனால் எங்களுக்கு நீளவாக்கில்தான் கட்டில். டுகாட்டோவின் நடு நீள வகை வெளியே 5.41 மீட்டர், உள்ளே சரக்குத் தரை 3.12 மீட்டர். இரண்டு மீட்டர் கட்டிலுக்குப் போனால் ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான் சமையலுக்கும் மற்றவற்றுக்கும். நடு உயரக் கூரையின் உள்ளுயரம் 1.93 மீட்டர், தரையிலும் கூரையிலும் காப்பு வைத்தால் 1.85. என் கணவர் தலைமுடி உரச நிற்கலாம். இந்த இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

வேனுக்குள் வாழ்வதில் மூச்சுக்காற்றின் ஈரம் பற்றி யாராவது முன்கூட்டியே உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தூங்கும் மனிதர் ஒருவர் இரவு முழுவதும் மூச்சிலும் தோலிலும் சில நூறு மில்லி லிட்டர் நீரை வெளியேற்றுகிறார். இரண்டு பேர், மூடிய உலோகப் பெட்டி, வெளியே குளிர். காலையில் கண்ணாடியிலும் தகட்டிலும் தண்ணீர் வழியும். உள்ளே எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தால் இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உருவாகிறது. சுடர் வைத்து வேனைச் சூடாக்கலாம் என்று நினைப்பது இரு மடங்கு தவறு: ஈரம் சேரும், காற்றோட்டம் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேரும். எரிப்பறை தனியாக அமைந்து, வெளியிலிருந்தே காற்றை இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் டீசல் ஹீட்டர்தான் இதற்குச் சரியான கருவி. இரண்டு கிலோவாட் அளவில் உள்ள ஹீட்டர் மணிக்கு 0.1 முதல் 0.25 லிட்டர் வரை எரிபொருள் குடிக்கும். உலர்ந்த சூடான காற்றைத் தரும். அதோடு கூரையில் ஒரு விசிறியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இருந்தே ஆக வேண்டும். வெப்பக்காப்பை எவ்வளவு தடிமனாக ஒட்டினாலும் வேனின் எலும்புக்கூடாக ஓடும் இரும்புச் சட்டங்கள் குளிரை உள்ளே கடத்திக்கொண்டுதான் இருக்கும். எனவே காற்றோட்டத்துக்கு மாற்று கிடையாது. பிக்கப்பின் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு. அதன் இடுக்குகள் வழியே காற்று தானாகவே வந்து போகும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். குளிர்பெட்டிதான் பெரிய செலவாளி, ஒரு நாளைக்குச் சுமார் 400 முதல் 600 வாட்-மணி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி இருக்கும். சார்ஜ் ஏறாத இரண்டு நாட்களை அது தாங்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் பேட்டரியை வேனுக்குள் வைப்பது நல்லது. நாங்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி இழப்புகள். உயரக் கூரை வேன்கள் 2.5 முதல் 2.8 மீட்டர் வரை நிற்கும். பல அடுக்கு நிறுத்துமிடங்களின் நுழைவாயிலில் பெரும்பாலும் இரண்டு மீட்டரை ஒட்டி ஒரு கம்பி தொங்கும். வோல்க்ஸ்வாகன் தன் கலிஃபோர்னியா கேம்பரை 1.99 மீட்டர் உயரத்தில் வைத்து, கூரையை மட்டும் எழும்பும்படி செய்தது இதனால்தான் என்று நான் நம்புகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 110 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1.9 மடங்கு ஆகிவிடுகிறது. முகப்பு அகலமும் உயரமும் கொண்ட வேனில் இதை எரிபொருள் கணக்கிலும், பக்கக் காற்று அடிக்கும் பாலங்களில் கைகளிலும் உணரலாம். மெதுவாக ஓட்டப் பழகிக்கொள்ள வேண்டும்.

சேற்றுப் பாதையில் பிக்கப்பின் நான்கு சக்கர இழுவையும் தரை இடைவெளியும் எனக்குப் பல முறை உதவியிருக்கின்றன. டுகாட்டோ வகை வேன்களுக்கு இழுவை முன் சக்கரத்தில். பின் சக்கரத்தைச் சுழற்றும் நீண்ட தண்டு தரைக்கு அடியில் ஓடாததால்தான் அவற்றின் தரை தாழ்வாகவும் உள்ளுயரம் தாராளமாகவும் இருக்கிறது. ஆனால் எடை பின்னால் இருக்க, ஈரப் புல்வெளியில் ஏற்றத்தில் நிறுத்திவிட்டால் முன் சக்கரம் வெறுமனே சுழலும். நான்கு சக்கர இழுவையுடன் ஸ்பிரிண்டரும் டிரான்ஸிட்டும் கிடைக்கின்றன என்றாலும் அவற்றின் அகலம் எங்களுக்குப் பிரச்சினை. நாங்கள் இதுவரை இரவு தங்கிய இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். சாதாரண காரே போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடங்கள்தான் மிகப் பெரும்பாலானவை. அப்படி இல்லாத ஒரு சில இடங்கள் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவை. அவற்றுக்கு இனி நடந்துதான் போக வேண்டியிருக்கும். இந்த இழப்பை நான் சிறிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை.

வண்டி பழுதானால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிக்கப் பணிமனைக்குப் போனால் கூடாரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். வேன் போனால் படுக்கை, சமையல், உடை எல்லாமே அதோடு போய்விடும்.

பணத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். பிக்கப்பை வாங்குபவர் வண்டியை மட்டும் பார்த்து விலை சொல்வார். கேம்பரை வாங்குபவர் வண்டியையும் பார்ப்பார், அதற்குள் இன்னொருவர் கையால் ஓட்டிய மின்கம்பியையும் எரிவாயுக் குழாயையும் பார்ப்பார். வீட்டில் கட்டிய வேலைக்கு நாம் போட்ட உழைப்பு விலையில் அப்படியே திரும்பி வருவது அரிது. இரண்டாவது, சரக்கு வண்டியாகப் பதிவான வேனுக்குள் படுக்கை போட்டால் பதிவையும் காப்பீட்டையும் மாற்ற வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு கேட்பதற்கான கேள்வி அல்ல அது. இரண்டு வண்டிகளையும் வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கும், பிரேக் வட்டுகள் துருப்பிடிக்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும். நிற்பதற்கென்று ஒரு வண்டி வேண்டாம்.

இவ்வளவையும் அடுக்கிய பிறகும் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. சாய்த்தது வேறொரு கேள்வி: எங்கள் தேவைகளில் எது நாள் சொல்லி வருகிறது, எது சொல்லாமல் வருகிறது?

என் தொழிலில் பாரம் நாள் சொல்லி வருகிறது. எந்தத் தோட்டத்துக்கு எந்த வாரம் மண் வேண்டும் என்பது ஒப்பந்தம் போடும்போதே தெரியும். ஒரு கனமீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். அதை என் பிக்கப்பில் ஒரே தடவையில் ஏற்றவே முடியாது. பெரிய சுமைகளை இப்போதே விற்பவர்கள்தான் தங்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பிக்கப்பில் நான் ஏற்றுவது நடுத்தரச் சுமைகளை, அதுவும் முதல் நாளே தெரிந்த சுமைகளை. அதற்கு வாடகை வண்டி கிடைக்கும், வேறு வழியும் கிடைக்கும். பயணமோ எங்களுக்குச் சொல்லாமல்தான் வருகிறது. வேலை ஒன்று தள்ளிப்போகும், மறுநாள் இருவரும் ஓய்வாக இருப்போம், அன்று மாலையே கிளம்பினால்தான் உண்டு. அந்த மாலையில் கேம்பர் வேன் வாடகைக்குத் தேடினால் கிடைக்காது; கிடைத்தாலும் அதை நம் வசதிக்கு ஒழுங்கு செய்து முடிப்பதற்குள் விடுமுறை தீர்ந்துவிடும். சொல்லாமல் வரும் தேவைக்கான வண்டி சொந்தமாக இருக்க வேண்டும், சொல்லி வரும் தேவைக்கானதை வாடகைக்கு எடுக்கலாம் என்று நான் முடிவு செய்தேன்.

இதே கணக்கு என் அண்ணனுக்கு நேர் எதிராக வருகிறது. அவர் விவசாயம் செய்கிறார். கன்றுக்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த நிமிடமே ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். பம்பு நின்றுவிட்டால் கழற்றி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அவருடைய பாரம் சொல்லாமல் வருகிறது. வருடத்தில் ஒரே ஒரு பயணம், அதுவும் அறுவடை முடிந்த பிறகு, முன்பே நாள் குறித்து. அவர் பிக்கப்பை வைத்துக்கொண்டு, அந்த ஒரு பயணத்துக்குக் கேம்பரை வாடகைக்கு எடுக்க வேண்டும். அவரிடமும் அதையே சொன்னேன்.

முடிவு எடுத்த பிறகு எனக்குத் தெம்பு தந்தது ஒரு பழைய ஜெர்மானிய யோசனை. வோல்க்ஸ்வாகனின் டைப் 2 வேன் 1950இல் உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்காக ஒரு கேம்பிங் பெட்டியைச் செய்தது. வேனுக்குள் வைத்தால் இருக்கை, படுக்கை, சாமான் அலமாரி. வெளியே எடுத்துவிட்டால் பழையபடி வேலை வண்டி. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வண்டி என்பது நினைக்கவே முடியாத காரியம். வாரம் முழுவதும் சரக்கு, வார இறுதியில் பயணம் என்று ஒரே வண்டி இரண்டையும் செய்தாக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் எல்லாமே நிலையாகப் பொருத்தப்பட்ட, குளியலறை வரை உள்ள கேம்பர்கள் வந்ததும் இந்த எளிய யோசனை ஓரமாகிவிட்டது. எனக்கு அதுதான் பொருந்துகிறது.

ஆகவே நாங்கள் வாங்கப்போவது முழுதாகக் கட்டி முடித்த கேம்பர் இல்லை. நடு நீளம், நடு உயரம், உள்ளே வெறும் தகடாக இருக்கும் ஒரு வேன். தரை, காப்பு, விசிறி, ஹீட்டர், பேட்டரி ஆகியவை மட்டும் நிலையாக இருக்கும். கட்டில் சுவரோரம் மடங்கும். சமையல் மேடை நான்கு போல்ட்டுகளில் நின்று, கழற்றினால் இருவர் தூக்கக்கூடிய எடைக்குள் இருக்கும். ஓடும் வண்டியில் மோதல் நடந்தால் கழன்று பறக்காத அளவுக்கு அந்த போல்ட்டுகள் வேனின் சட்டத்தோடு பிணைந்திருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க மாட்டேன். குளியலறை கிடையாது. கழிப்பறை பற்றி எனக்கும் என் கணவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இழுத்து எடுக்கும் சிறு பெட்டி போதும் என்பது என் கட்சி, அதுகூட வேண்டாம் என்பது அவர் கட்சி. இரவு மழையில் நான் வென்றுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே கட்டிய பழைய கேம்பர்கள் சிலவற்றையும் போய்ப் பார்த்தோம். பார்க்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நான் தேடியவற்றைச் சொல்கிறேன். மெத்தையைத் தூக்கி அடியில் முகர்ந்து பார்க்க வேண்டும். புழுக்க வாடை வந்தால் ஈரம் தங்கியிருக்கிறது. கூரையில் வெட்டிய ஒவ்வொரு துளையையும் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பியில், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாத வண்டியை நான் அங்கேயே விட்டுவிட்டேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எடைமேடைச் சீட்டைக் கேட்க வேண்டும். தண்ணீர் நிரப்பி, எரிபொருள் நிரப்பி எடுத்த சீட்டு. அதைக் காட்டத் தயங்குகிற விற்பனையாளரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

மண்ணும் உரமும் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை ட்ரெய்லர். பல நாடுகளில் மொத்த எடை 750 கிலோ வரை தனி பிரேக் இல்லாத சிறிய ட்ரெய்லரை இழுக்கலாம். வேனின் இழுவைத் திறனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அழுக்கும் வாடையும் வெளியிலேயே கிடக்கும். பிக்கப்பின் தொட்டி செய்த வேலையின் பெரும்பகுதியை அது செய்துவிடும். பின்னோக்கி ஓட்டிப் பழக வேண்டும், குறுகிய சந்துகளில் கழற்றித் தள்ள வேண்டும், நிறுத்த இடம் வேண்டும். தொட்டி அளவுக்குக் கைக்கு எளிதாக இருக்காது என்பது தெரியும். உயரமான மரக்கன்றுகளை ட்ரெய்லரில் நிமிர்த்தி வைத்துக் கட்டிக் கொண்டுபோவதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. அவற்றை நாற்றுப்பண்ணைக்காரரே கொண்டுவந்து இறக்கும்படி பேசி வைத்திருக்கிறேன்.

வரிசை இப்படி: வேனை வாங்கி, ட்ரெய்லர் கொக்கியைப் பொருத்தி, ஒரு முழு வேலைப் பருவத்துக்கு அதைக் கொண்டே தொழிலைச் செய்து பார்ப்போம். உள்ளே கட்டிலும் ஹீட்டரும் மட்டும் வைத்து ஒரு மழைக்காலத்தில் தங்கியும் பார்ப்போம். இரண்டும் சரியாக வந்த பிறகுதான் பிக்கப்புக்கு விளம்பரம் கொடுப்போம். அதுவரை இரண்டு வண்டிக்கும் காப்பீடு கட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டோம்.